வாய் திறவாத துண்டறிக்கை

மனிதகுலத்தின் நுரையீரல்களைக் காக்கும் மாபெரும் பொறுப்பு, மூன்றாம் மாடியில் கழிப்பறைக்கு எதிரே இயங்கிவந்த சுகாதாரத் தகவல் பிரிவிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. அங்கே துண்டறிக்கைகளுக்கு வாசகம் எழுதுகிறவளுக்கு மட்டும் இந்தப் பொறுப்பு வீட்டிலும் இருந்தது. லாரி ஓட்டும் அவள் அண்ணன் இருமினால் சுவரே பெயர்ந்துவிடும்.

"சிகரெட்டை விட்டுட்டு, கையில நிகோட்டின் பட்டை ஒட்டிப் பாரேன்" என்றால், "அதுவும் விஷம், இதுவும் விஷம். இதுலயாச்சும் புகை வருது" என்பான்.

ஆகவே அண்ணனை மனதில் வைத்தே எழுதினாள்: 'நிகோட்டின் ஆளை அடிமையாக்கும். ஆனால் புகைப்பவர்களைக் கொல்வது பெரும்பாலும் புகைதான். விட முடியாமல் தவிப்பவர்களுக்கு நிகோட்டின் பட்டையும் நிகோட்டின் சூயிங்கம்மும் சிகரெட்டைவிட மிகக் குறைந்த ஆபத்துள்ளவை. புகைக்காதவர்கள் இவற்றைத் தொட வேண்டாம்.'

உடனே 'உயர்மட்ட ஆய்வுக் கூட்டம்' கூடியது.

"'குறைந்த ஆபத்து'ன்னா, ஆபத்து இருக்குன்னு ஆகுதே?" என்றார் சட்ட ஆலோசகர்.

"கொஞ்சம் இருக்கு சார்."

"அப்ப எடுத்துடுங்க. 'ஆபத்தே இல்லை'ன்னும் போடாதீங்க, அது பொய்."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார். "இதைப் புகைக்கிறவங்க யாராவது படிச்சுட்டா?"

"அவங்களுக்குத்தான் சார் எழுதினது."

"அதனாலதாம்மா எச்சரிக்கையா இருக்கணும்ங்கறேன்."

இந்தச் சிக்கலைத் தீரச் சிந்திக்க இயக்குநர் மாடிப்படிக்குப் பின்னால் போனார். சட்ட ஆலோசகர் தீப்பெட்டியோடு துணைக்குப் போனார். திரும்பி வந்தபோது இருவரிடமும் தெளிவும் நாற்றமும் சம அளவில் இருந்தன.

வரி வரியாகக் களையெடுத்ததில் அறிக்கை 'பொலிவு' பெற்றது. பளபளக்கும் தாளில் ஒரு பூ. கீழே 'நலமே வாழ்க்கை'. அதற்கும் கீழே ஒரு தொலைபேசி எண். யார் மனமும் புண்படாத இந்த அரும்பணிக்காக இயக்குநருக்குக் கேடயம் கிடைத்தது.

அடுத்த வாரம் அவள் மேசைத் தொலைபேசி அலறியது. முதலில் இருமல் வந்தது, பிறகு குரல்.

"சுகாதாரத் தகவலா? பெட்ரோல் பங்க்ல ஒரு தாள் கொடுத்தாங்க..."

"அண்ணா, நான்தான்."

"நீயா! சரி, வீட்டுல மாதிரி நச்சரிக்காம ஆபீஸ் ஆளா பதில் சொல்லு. அந்தப் பட்டை சிகரெட்டுக்குத் தேவலையா, இல்லையா?"

நாக்கு நுனிவரை 'நலமே வாழ்க்கை' வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டாள்.

"எவ்வளவோ தேவலை. கொல்றது புகைதான் அண்ணா. சாயங்காலம் வாங்கிட்டு வரேன், ஒட்டிக்க."

எதிர்முனையில் அண்ணன் லாரியை அணைத்தான்.

"வாங்கிட்டு வா. ஆமா, விஷயம் இவ்வளவுதான்னா இந்தத் தாளுல ஏன் போடல?"

"அது உன்னைக் காப்பாத்த அடிச்ச தாள் இல்லண்ணா. எங்களைக் காப்பாத்திக்க அடிச்சது."