டிராகனுக்குக் கண்புரை

மாவீரனுக்கு மிச்சமிருந்தது நான்கே உயிர்ப்புள்ளிகள். டிராகனின் ஒரு கடிக்குப் பன்னிரண்டு போகும். இரண்டு கோப்பு அட்டைகளைக் கூரைபோல் நிறுத்தி, அந்த மறைப்புக்குப் பின்னால் பகடையும் கையுமாக நடுவர் வியர்த்துக்கொண்டிருந்தாள்.

மாவீரன் வேறு யாருமல்ல, தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தின் மேலாளர். நடுவர், அங்கே புதிதாகச் சேர்ந்த பரிசோதகி. சேர்ந்த மூன்று மாதமும் "சரி சார்" தவிர வேறொன்றும் பேசாதவள், ஆளுக்கொரு வேஷம் கட்டி, நடுவர் சொல்லும் கதைக்குள் பகடை உருட்டிச் சண்டையிடும் இந்த ஆட்டத்தைக் கொண்டுவந்த பிறகுதான் முழு வாக்கியமாகப் பேசினாள். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் வேலை முடிந்ததும் சாப்பாட்டு அறை மேசை குகையாகிவிடும்.

அவளை நிரந்தரமாக்கும் கடிதம் மேலாளரின் சட்டைப் பையில் இருந்தது. "ஆட்டம் முடியட்டும்மா, நிதானமா கையெழுத்துப் போடறேன்" என்றிருந்தார்.

செத்துப்போன மாவீரன் என்ன மனநிலையில் கையெழுத்துப் போடுவான்? அவளுக்கு யோசிக்கவே பயமாக இருந்தது.

சண்டை விதி எளிதுதான். இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். விழும் எண் எதிராளியின் கவச எண்ணைத் தொட்டாலோ தாண்டினாலோ அடி பட்டது. தொடாவிட்டால் தப்பினான். உயிர்ப்புள்ளி தீர்ந்தால் செத்தான், ஆட்டத்தை விட்டே வெளியே. மாவீரனின் கவச எண் பதினெட்டு.

"நான் கவசத்தைக் கழட்டறேன்" என்றார் மேலாளர்.

"சார்! டிராகன் எதிர்ல நிக்குது."

"இருக்கட்டும்மா. புழுங்குது."

கவச எண் பத்துக்கு இறங்கியது. பாவம், விதியே புரியவில்லை மனுஷனுக்கு. மறைப்புக்குள் உருட்டினாள். பத்தொன்பது.

"மூணு. தவறிடுச்சு."

வண்டி ஓட்டும் அண்ணன் நிமிர்ந்தார். தண்ணீர் மாதிரிகள் எடுக்கப் போகிற இடமெல்லாம் மரத்தடியில் வண்டியை நிறுத்தி விதிப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவர். ஆட்டத்தில் அவருக்குத் திருடன் வேஷம்.

"நாலாவது தடவையா தவறுது. என்ன டிராகன்மா இது?"

"அதுக்கு... கண்புரை, அண்ணே."

"இத்தனை வாரமா சொல்லவே இல்ல?"

"இப்பதான் முத்திச்சு. கடைசிப் பக்கத்துல இருக்கே, நடுவர் முடிவே இறுதின்னு."

"சரி. கண்ணு தெரியலைன்னா அது ஏன் கடிக்குது? நெருப்பு கக்கணும். பக்கம் நாப்பத்தேழு. குறி பாக்கவே வேண்டாம், குகை முழுக்கப் பரவும்."

"யோவ், நானும் உள்ளதான் நிக்கறேன்!" என்றாள் டைப்பிஸ்ட் அக்கா. அவள் மந்திரக்காரி.

"நானும்தான் வேகப்போறேன். அதுக்கு? விதி விதிதான்."

மேலாளர் நாற்காலி நுனிக்கு வந்தார். "குகை முழுக்கவா? நான் எங்கயும் ஒளியலைன்னு எழுதிக்கோம்மா."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "சார் டிராகனோட வயித்துக்கு அடியில நிக்கறீங்க. அங்க நெருப்பு வராது."

திருடனும் மந்திரக்காரியும் சாம்பலானார்கள்.

"எட்டு வாரம் வளத்தவ, ஒரே ஊதுல போயிட்டா" என்று அக்கா தன் மந்திரக்காரியின் புள்ளித் தாளைக் கசக்கினாள். "உன் கடிதத்தை அடிச்ச கையும் இதுதான், ஞாபகம் வச்சுக்க."

மேலாளரின் போன் மேசையில் துடித்தது. எடுத்துப் பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தார். கசங்கிய தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கொடுத்து வச்சவங்க" என்றார்.

எவ்வளவு பெரிய மனசு, ஆறுதல் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டாள் அவள்.

"சரிம்மா. நான் வாளைக் கீழ போட்டுட்டு, டிராகன் வாய்க்குள்ள நடந்து போறேன்."

"டிராகனுக்குப் பசியில்ல, சார்."

"மூணு மாசப் பட்டினின்னு போன வாரம் நீதானே சொன்ன?" என்றார் அண்ணன். "இந்தா பாரும்மா, முடிவு சொல்றது வேற, கதை விடறது வேற. அந்த அட்டையை எடு. எல்லார் முன்னாடியும் உருட்டு. வாய்க்குள்ள போனவனுக்கு ஒண்ணு விழுந்தாத்தான் பிழைப்பு."

"ஆமாம்மா, முறைப்படியே நடக்கட்டும்" என்றார் மேலாளர்.

அட்டைகள் மடங்கின. அவள் கண்ணை மூடிக்கொண்டு உருட்டினாள். பகடை மேசையின் பாதி தூரம் ஓடி, தண்ணீர் டம்ளரில் மோதி, தள்ளாடி நின்றது.

ஒன்று.

அண்ணன் புத்தகத்தைப் புரட்டினார். "ஒண்ணு விழுந்தா அந்த அடி கடிச்சவனுக்கே. டிராகனுக்கு மிச்சம் எவ்வளவு?"

"பத்து."

"அப்போ தன் நாக்கைத் தானே கடிச்சுச் செத்துப்போச்சு. டிராகனைக் கொன்னவருக்கு ஆறு படி ஏத்தம். சாருக்கு இனிமே உயிர்ப்புள்ளி தொண்ணூறு!"

"தொண்ணூறா?" மேலாளரின் கண் கலங்கியிருந்தது.

ஜெயித்த பூரிப்பு என்று அவளும் கலங்கினாள். இந்தத் தடவை ஏமாற்றவும் இல்லை!

அவர் கடிதத்தை எடுத்தார். விரித்தார். பேனாவைத் தேடினார். பிறகு அப்படியே மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"மனசு சரியில்லம்மா. திங்கட்கிழமை பாப்போம்" என்று எழுந்து கைகழுவப் போனார்.

அவள் ஒன்றும் புரியாமல் பகடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது வாசலில் கார் சாவியோடு மேலாளரின் மனைவி எட்டிப் பார்த்து, அக்காவிடம் கேட்டாள்:

"இன்னைக்காவது செத்தாரா? ஆட்டம் வேண்டாம்னு சொன்னா அந்தப் பொண்ணு மறுபடி பேச்சையே நிறுத்திடும்னு, ஆறு வாரமா மனுஷன் சாகறதுக்குப் படாத பாடு படறாரு!"