தேங்காய்க்கும் புற்றுநோய்

புனே விஷ்ராந்த்வாடியில் ஒரு கல்யாண மண்டபம். வாசலில் செருப்பு மலை. புனேத் தமிழர்களில் பாதிப்பேர் உள்ளே, மீதிப்பேர் வண்டி நிறுத்த இடம் தேடி வெளியே! கட்டிகரைச்சான் சுவாமிகள் வந்திருக்கிறாராம். கத்தி வேண்டாம், ஸ்கேன் வேண்டாம்; புற்றுநோயைத் தீர்த்தத்திலேயே இறக்கிவிடுவாராம். கம்ப்யூட்டருக்குள் ஒளிந்திருக்கும் சின்னப் பிழையைக்கூட மோப்பம் பிடிக்கிற ஐ.டி. மூளைகள் எல்லாம் கைகூப்பி வரிசையில் நின்றன.

அந்த வரிசையில்தான் பட்டுவும் நின்றாள். கோயமுத்தூரை விட்டு, புனேயில் வானவடிப் பக்கம் மகன் சந்துருவோடு இருக்க வந்தவள். மார்பில் நெல்லிக்காய் அளவு ஒரு கட்டி. ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இல்லை. சந்துரு வாசலில் இறக்கிவிட்டு மீட்டிங்குக்கு ஓடிவிட்டான். உள்ளே மராத்தியில் கேட்டார்கள், இந்தியில் கேட்டார்கள். பட்டுவுக்குத் தெரிந்த இந்தி 'டீக் ஹை' ஒன்றுதான். கேட்டதற்கெல்லாம் அதையே சொன்னாள். எல்லாம் நன்றாக இருக்கிறதாம் என்று கால்சியம் மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். தமிழ் தெரிந்த யாரையாவது கூப்பிட்டிருக்கலாம். அதற்கு யாருக்கு நேரம்!

சுவாமியோ தமிழில் கேட்டார். "எந்த ஊரும்மா? எங்க வலிக்குது, தாயி?"

பட்டுவுக்குக் கண் நிறைந்துவிட்டது. இந்த ஊரில் அவளை யாரும் அப்படிக் கேட்டதே இல்லை.

சுவாமி அவள் உள்ளங்கையில் வெள்ளிக் கிண்ணத்து விபூதியை அப்பி, மஞ்சள் தீர்த்தத்தில் முக்கினார். அடேயப்பா! தீர்த்தம் ரத்தச் சிவப்பு!

"பாத்தீங்களா, நோய் இறங்குது!"

மண்டபமே அரோகரா போட்டது. பிறகு அவள் கையைக் கழுவிவிட்டுச் சந்தனம் பூசி, வேறொரு தீர்த்தத்தில் முக்கினார். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது.

"கட்டி கரைஞ்சிருச்சு. இனி ஆஸ்பத்திரிப் பக்கமே தலைவெச்சுப் படுக்காதீங்க."

கூடவே வந்திருந்த சந்துரு சுவாமியின் காலில் விழுந்தான். பட்டு சேலைத் தலைப்புக்குள் கைவிட்டுத் தொட்டுப் பார்த்தாள். கட்டி இருந்த இடத்திலேயே ஜம்மென்று இருந்தது. உள்ளங்கை வேறு சுருசுருவென்று எரிந்தது. அட, இது பழகின எரிச்சலாயிற்றே! தமிழ்ச் சங்கத்தில் யார் வீட்டு வளைகாப்பு என்றாலும் ஆரத்தி கரைக்கிறவள் பட்டுதான். மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைப் போட்டால் சிவக்கும். அவ்வளவுதானே ஆரத்தி!

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"சாமி, அந்த விபூதியைக் கொஞ்சம் குடுங்க."

கொடுக்கும்வரை யார் காத்திருப்பது? பிடுங்கினாள். அர்ச்சனைத் தேங்காயில் பூசினாள். மஞ்சளாகவே இருந்த தீர்த்தத்தில் முக்கினாள். சிவப்பு!

"ஐயோ, தேங்காய்க்குப் புத்துநோயுங்க!"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பட்டு விடவில்லை. விபூதி அப்பின சுவாமியின் கையையே பிடித்து அடுத்த தீர்த்தத்தில் அமுக்கினாள். அதுவும் சிவப்பு!

"சாமிக்கு ரொம்ப முத்திப்போச்சுங்க! ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க!"

மண்டபம் வயிற்றைப் பிடித்துக்கொண்டது. அத்தனை பேரும் ஆரத்திச் சிவப்பை நெற்றியில் வாங்கிக்கொண்டு மணவறையைவிட்டு வந்தவர்கள்தான். அதே சிவப்பை இங்கே தீர்த்தமென்று கும்பிட்டார்கள். சுவாமி வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சமையல்கட்டு வழியாக ஓட்டம் பிடித்தார்.

"சிரிச்சது போதுங்க," என்றாள் பட்டு. "என் கட்டி அப்படியேதான் இருக்குது. எனக்குப் பயமா இருக்குது. ஆஸ்பத்திரியில நான் சொல்றத அவங்க பாஷையில சொல்றதுக்கு யாரு வர்றீங்க?"

மண்டபம் செல்போனைப் பார்த்தது.

"நான் வர்றேம்மா," என்றான் சந்துரு.

"எங்க வலிக்குதுன்னு அந்தத் திருட்டுப்பய கேட்டான், கண்ணு. நீ கேட்டிருந்தீன்னா நான் இங்க வந்தே இருக்கமாட்டேன்."

மறுநாள் டாக்டர் அம்மா ஏதோ கேட்டார். பழக்கதோஷத்தில் பட்டு, "டீக் ஹை" என்றாள்.

"நஹீ, டீக் நஹீ ஹை!" என்று கத்தினான் சந்துரு. டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அன்றைக்கே ஸ்கேன், அன்றைக்கே ஊசிச் சோதனை.

மகா ஜனங்களே, போலிச் சுவாமி இன்னொரு மண்டபம் பிடித்துவிட்டான், தமிழிலேதான் விசாரிக்கிறான். உங்கள் வீட்டு அம்மாவை அவன் விசாரிக்கட்டுமா, நீங்கள் விசாரிக்கிறீர்களா? மூளை இருக்கிறவர்கள் யோசியுங்கள். இல்லாதவர்கள் தேங்காயைக் கூட்டிக்கொண்டு போங்கள்.