துரைசாணி அக்காவின் ஸ்கோனும் ஒரு அப்பாவி அடுப்பும்

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் ஸ்டுட்கார்ட் நகரத்தில் எத்தனை ஆங்கிலேயர் இருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. எத்தனை பேர் இருந்தாலும், அத்தனை பேரையும்விட அசல் ஆங்கிலேயராக வாழ்ந்தவர் மன்னாரில் பிறந்த துரைசாணி அக்காதான். இங்கிலாந்துப் பக்கம் அவர் ஒரு நாள்கூடப் போனதில்லை. அதைக் கேட்டால், "நான் ஏன் போகோணும்? அவையல்லோ இஞ்ச வந்து என்னைப் பாக்கோணும்" என்பார்.

அவருடைய சொந்தப் பெயர் கோயில் பதிவேட்டுக்கும் வெளிநாட்டவர் அலுவலகத்துக்கும் மட்டும்தான் தெரியும். காலையில் ஓர் அலுவலகக் கட்டடத்தில் துப்புரவு வேலை. வேலை முடிந்து வெளியே வந்தால் வைக்கோல் தொப்பி, வெள்ளைக் கையுறை. டிராமில் டிக்கெட் பரிசோதகர் வந்து நின்றால் "குட் ஆஃப்டர்நூன்" என்பார். பதிலுக்கு அவரும் குட் ஆஃப்டர்நூன் சொல்லும்வரை டிக்கெட் பையைவிட்டு வெளியே வராது. அந்த வழித்தடத்துப் பரிசோதகர்களுக்கு ஆங்கிலம் வந்ததே அக்காவால்தான் என்று நான் இன்றைக்கும் நம்புகிறேன்.

எனக்கும் அதே வணக்கம்தான். கத்தோலிக்கப் பங்குக் கோயில் மண்டபத்தில் சனிக்கிழமைகளில் நடந்த தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நான் இரண்டாம் வகுப்பு வாத்தியார். அவர் "குட் ஆஃப்டர்நூன், வாத்தியார்" என்பார். நான் வேண்டுமென்றே "ஓம் அக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவேன். எனக்கும் கொஞ்சம் கொழுப்பு இருந்தது.

என் வகுப்புக்குப் பக்கத்து அறைதான் மண்டபத்துக் குசினி. ஆசிரியர்களுக்குத் தேத்தண்ணி போடுகிறேன் என்று உள்ளே நுழைந்த அக்கா, மூன்றாவது மாதமே அங்கே பத்துப் பிள்ளைகளுக்கு, ஆங்கிலேயர் தேநீரோடு ஜாம் தடவிச் சாப்பிடும் ஸ்கோன் சுடச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். சிறு வயதில் மன்னார் கன்னியர் மடத்துச் சமையலறையில் ஓர் ஆங்கிலேய சிஸ்டரிடம் கற்ற வித்தையாம். நான் கரும்பலகையில் உயிர்மெய் எழுதிக்கொண்டிருப்பேன். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வெண்ணெய் வாசனை வரும். என் வகுப்பில் ஒவ்வொருவருக்காகத் தண்ணீர் விடாய்க்கத் தொடங்கும். போனவர் திரும்பி வந்ததில்லை.

குசினியில் சட்டம் கடுமையானது. மாவைத் தொடுமுன் குளிர்ந்த தண்ணீரில் கைகளை நனைக்க வேண்டும், ஜனவரியானாலும் சரி. வெண்ணெயை விரல் நுனியால் மாவோடு உதிர்க்க வேண்டும், பிட்டுக்குக் குழைக்கிறமாதிரி. பால் விட்ட பிறகு பிசைந்தால் தொலைந்தது.

"இது ரொட்டி இல்லை பிள்ளை. பிசைஞ்சா செத்துப்போம். சும்மா தட்டி விடு."

வட்டமாக வெட்டும்போது அச்சைத் திருகக் கூடாது. திருகினால் ஸ்கோன் ஒரு பக்கம் சரிந்து எழும்பும். அப்படிச் சரிந்த ஒன்றைக் கண்டால் அக்கா தட்டை உயர்த்திப் பிடித்து, "ஆர் திருகினது?" என்று விசாரணை தொடங்குவார். குற்றவாளி பிடிபடும்வரை ஒருவருக்கும் ஜாம் கிடையாது. ஒருமுறை ஒரு தகப்பன் வாய் நிறைய வைத்துக்கொண்டு, "அக்கா, பணிஸ் நல்லாயிருக்கு" என்றார். அக்கா அவர் கையிலிருந்த மீதியைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

"பணிஸ் வேணுமெண்டால் பேக்கரிக்குப் போங்கோ."

சிரித்தாலும் ஒன்று எல்லோருக்கும் தெரியும். அக்காவுக்குப் பிள்ளை குட்டி இல்லை. கிழமை முழுக்க அவர் காத்திருந்தது அந்தச் சனிக்கிழமை இரண்டு மணித்தியாலத்துக்காகத்தான். அந்த இரண்டு மணித்தியாலமும் ஒரு திறப்பில் தொங்கிக்கொண்டிருந்தது. குசினிக் கதவைப் பூட்டித் திறக்கும் திறப்பு.

திறப்பின் சொந்தக்காரர் மண்டபத்தைப் பராமரித்த ஹவுஸ்மைஸ்டர். அவருக்கு உலகத்தில் இரண்டு பற்று: ஒன்று சுத்தமான தரை, மற்றது அந்தக் குசினி அடுப்பு. அடுப்பை அவரே கழற்றிப் பூட்டிப் பராமரிப்பார். சனிக்கிழமை மாலை தரையில் மாவுக் கால்தடங்களைக் கண்டு கண்டு பொறுமையிழந்தவர், ஒருநாள் அக்காவிடம் வந்து தீர்ப்புச் சொன்னார். பங்கின் கோடை விழாவில் பிள்ளைகளே சுட்டு, பரிமாறி, துடைத்துத் தர வேண்டும். ஒரு முறைப்பாடும் வராவிட்டால் திறப்பு அக்காவிடமே இருக்கும். வந்தால் அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

"சரி" என்றார் அக்கா. "நான் கையாலயும் தொடமாட்டன். பிள்ளையள் செய்வினம்."

அங்கேதான் நான் உதவி செய்யப் புறப்பட்டேன். வழக்கமாக அக்காவே கடையில் மா வாங்கி டிராமில் சுமந்து வருவார். விழாவுக்கு மூட்டைக்கணக்கில் தேவை. பாவம், மனுஷி ஏன் தனியாகச் சுமக்க வேண்டும் என்று, அவரிடம் மூச்சுக்கூட விடாமல், பெற்றோருக்கு ஒரு துண்டு எழுதி அனுப்பினேன்: "ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து ஒரு பேணி கோதுமை மா கொண்டுவரவும்." விழா நாள் காலை எல்லாப் பேணிகளையும் பெரிய பாத்திரத்தில் கொட்டி வைத்தேன். மா பூப்போல இருந்தது. அக்கா வந்து பார்த்து, "வாத்தியாருக்கும் சில நேரம் மூளை வேலை செய்யுது" என்று பாராட்டினார்.

கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அவர் நிற்க, பிள்ளைகள் ஒரு பிழையும் விடாமல் செய்தார்கள். கைகளை நனைத்தார்கள், வெண்ணெய் உதிர்த்தார்கள், திருகாமல் வெட்டினார்கள். மா ஏனோ சேரமாட்டேன் என்றது. கொஞ்சம் கூடப் பால் விட்டுச் சமாளித்தார்கள். வெளியே முற்றத்தில் பங்கு மக்கள் தட்டுகளோடு காத்திருந்தார்கள்.

கால் மணித்தியாலத்தில் தட்டு வெளியே வந்தது. ஒன்றும் எழும்பவில்லை. எல்லாம் வெடித்த தரைபோலக் கிடந்தன. எடுத்தால் கையில் உதிர்ந்தன. முன்னால் நின்ற சிறுமிக்கு உதடு துடிக்கத் தொடங்கிவிட்டது.

அக்கா பாத்திரத்தில் மிச்சமிருந்த மாவில் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் வீடுகளில் கோதுமை மாவைக் கடையிலிருந்து வந்தபடி ஆர் வைத்திருப்பார்கள்? துணியில் கட்டி, ஆவியில் அவித்து, கட்டி உடைத்து, அரித்துத்தான் பேணியில் போடுவார்கள். பிட்டுக்கும் இடியப்பத்துக்கும் அதுதான் மா. அவித்த மாவில் ஸ்கோன் எப்படி எழும்பும்? என் மனைவி முதல்நாள் அரித்துத் தந்த பேணியும் அதற்குள்தான் இருந்தது.

திருகின ஒரு ஸ்கோனை மன்னிக்காத மனுஷி பிள்ளைகள் பக்கம் திரும்பினார்.

"நீங்கள் எல்லாம் சரியாத்தான் செய்தனீங்கள். அடுப்பில பிழை."

வாசலில் நின்ற ஹவுஸ்மைஸ்டருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அக்காவின் விரல் எங்கே நீண்டது என்று தெரிந்தது. முகம் சிவந்துவிட்டது. எங்கிருந்தோ ஒரு வெப்பமானியைக் கொண்டுவந்து அடுப்புக்குள் வைத்தார். முள் இருநூற்றிருபதில் போய் நின்றது.

"பார்த்தீர்களா? அடுப்பு சரியாக இருக்கிறது."

அக்கா தன் ஜெர்மன் மொழியில் அமைதியாகச் சொன்னார்: "அடுப்பும் உங்கட வெப்பமானியும் ஒரு வீட்டுச் சாமான். ஒண்டை ஒண்டு விட்டுக்குடுக்காது."

ஹவுஸ்மைஸ்டர் கையை நீட்டினார். அக்கா பையைத் திறந்து திறப்பை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. ஹவுஸ்மைஸ்டரை நடைக்கு இழுத்துப் போய் உண்மையைச் சொன்னேன். ஜெர்மன் மொழியில் அதைச் சொல்லிப் பார்த்தவருக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும்.

"மாவை ஆவியில் அவித்தீர்களா? எதற்காக?"

"வீட்டில் எப்போதும் அப்படித்தான்."

அவர் குசினிப் பக்கம் எட்டிப் பார்த்தார். "அப்படியானால் அடுப்பு குற்றமற்றது?"

"முற்றிலும் குற்றமற்றது."

"எழுதித் தருவீர்களா?"

எழுதிக் கொடுத்தேன். கையெழுத்தும் வைத்தேன். அவர் அதை ஒட்டுநாடாவால் அடுப்புக்கு மேலே ஒட்டிவிட்டு, திறப்பை என்னிடம் தந்தார்.

இதற்கிடையில் உள்ளே அக்கா உதிர்ந்ததையெல்லாம் கோப்பைகளில் போட்டு, மேலே ஜாமும் கிரீமும் வைத்து, பிள்ளைகளிடம் கொடுத்து அனுப்பியிருந்தார். பங்கு மக்கள் இரண்டாம் தடவையும் வரிசையில் நின்றார்கள். அக்கா மேசையருகே நின்று, ஒவ்வொருவரிடமும் "இது ஸ்கோன் அல்ல" என்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். ஹவுஸ்மைஸ்டர் மூன்று கோப்பை சாப்பிட்டார்.

திறப்பை நீட்டியபோது எனக்கு நன்றி கிடைக்கவில்லை, ஏச்சுத்தான் கிடைத்தது.

"ஆர் உங்களைச் சொல்லச் சொன்னது?"

"அக்கா, திறப்பு போயிருக்குமே."

"போனாப் போகட்டும். தாய்மார் வேலையால வந்த களைப்போட அவிச்சு, அரிச்சுத் தந்த மா. வீட்டில இருந்த நல்ல மா. அதுதான் பிழையெண்டு அந்தப் பிள்ளையளுக்கு நான் சொல்லுறதோ?"

ஒரு தாய்க்கும் சொல்வதில்லை என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். பிள்ளைகள் ஜெர்மன் படிக்கிறவர்கள் ஆயிற்றே, அடுத்த கிழமை அடுப்புக் கடிதத்தை வாசித்துவிட்டுக் கேட்டார்கள். அக்கா கண் சிமிட்டாமல் பதில் சொன்னார். "அது ஹவுஸ்மைஸ்டரின்ர மனம் நோகக் குடாதெண்டு வாத்தியார் எழுதினது." அந்த அடுப்பு ஜெர்மன் மொழியில் நிரபராதி. எங்கள் வீடுகளில் இன்றைக்கும் அதுதான் குற்றவாளி. இப்போது பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால் இதை எழுதுகிறேன். அக்கா மன்னிக்க வேண்டும்.

அன்றைக்கு, அந்தக் கேள்வி பதில் முடிந்து பிள்ளைகள் கை நனைக்கப் போன பிறகு, நான் குசினி வாசலில் போய் நின்றேன். அவர் வாய் திறக்குமுன் நானே சொன்னேன்.

"குட் ஆஃப்டர்நூன், அக்கா."

அவர் தொப்பியைச் சரிசெய்தார், ஒரு கதிரையை இழுத்துப் போட்டார்.

"இருங்கோ, வாத்தியார். தேத்தண்ணி ஆறுது."

எனக்கு அந்த மனுஷியை அவ்வளவு பிடிக்கும். அதை மட்டும் நான் அவருக்கு எழுதிக் கொடுக்கவில்லை.