இடைவேளை அப்பா

மெல்பேர்னில் குளிர்காலச் சனிக்கிழமைக் காலைகளில் மட்டும் வெளிப்படுகிற ஓர் உயிரினத்தை உங்களுக்கு அறிமுகப்படுத்தப் போகிறேன். பயப்படாதீர்கள், கடிக்காது. கத்தும், அவ்வளவுதான்.

இதற்கு 'இடைவேளை அப்பா' என்று நான் பெயர் வைத்திருக்கிறேன். ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் ஃபுட்டி என்று இங்கே சொல்கிற ஆஸ்திரேலியக் காற்பந்து விளையாடுகிற எந்தப் புல்வெளிக்குப் போனாலும் ஒன்றாவது நிற்கும். காதை மூடிய கம்பளித் தொப்பி, விமானம் ஏறப் போகிறவர் போடுகிற மொத்தமான குளிர்ச்சட்டை, ஒரு கையில் சுடுநீர்ப் போத்தல், மற்றக் கையில் படம் பிடிக்கிற கைபேசி, பெற்றோர் தாண்டக் கூடாது என்று வெள்ளையாய்க் கீறிய கோட்டுக்கு உள்ளே எப்போதும் ஒரு கால். அந்தக் காலை எடுக்கச் சொல்லிக் கேட்டால் எடுக்கும்; எடுத்துவிட்டு மற்றக் காலை வைக்கும்.

உதாரணத்துக்கு எங்கள் அருந்தவனையே எடுத்துக்கொள்வோம். கிரெய்கிபர்னில் என் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி வீடு, விமான நிலையத்தில் பயணப் பெட்டிகள் ஏற்றுகிற பகுதியில் மேற்பார்வையாளர் வேலை, நல்ல மனுசன். படிக்க வந்து இந்த நாட்டில் தங்கியவர். வந்த புதிதில் தொலைக்காட்சியில் ஃபுட்டியைப் பார்த்துவிட்டு, "இது என்ன ஐசே, விளையாட்டோ அடிபிடியோ?" என்று என்னிடம் கேட்டவர். முட்டை மாதிரி நீண்ட பந்து, நட்டு வைத்த நாலு கம்பம், காலாலும் உதைக்கலாம், கையாலும் குத்தலாம் என்றால் யார்தான் கேட்க மாட்டார்கள்? ஊரிலே அவருடைய விளையாட்டு வாழ்க்கை, பள்ளிக்கூட இல்லப் போட்டிக்கு இல்லத்தின் வாசலில் கலர்க் கடதாசி ஒட்டியதோடு தொடங்கி அதோடு முடிந்தது. ஆனால் மகள் துவாரகாவுக்கு எட்டு வயது ஆகி, அவள் கையில் பந்து ஒட்டிக்கொள்கிறது என்று பயிற்சியாளர் ஒரு சொல் சொல்லிவிட்டார் பாருங்கள், அன்றிலிருந்து மனுசனுக்கு நித்திரை போய்விட்டது.

துவாரகா உண்மையாகவே கெட்டிக்காரிதான். பந்து எங்கே விழும் என்று பந்துக்கு முதலே அவளுக்குத் தெரிந்துவிடும். அதே அணியில் விளையாடுகிற என் மகள் வினுஷாவுக்குப் பந்து விழுந்த பிறகுதான் தெரியும், சில நாட்களில் அதுவும் தெரியாது. ஆனால் வினுஷா சிரித்துக்கொண்டு விளையாடுவாள். துவாரகா சிரித்து நான் பார்த்ததில்லை.

ஏன் சிரிக்கவில்லை என்று அறிய வேண்டுமானால் இடைவேளையில் பார்க்க வேண்டும். இந்த உயிரினத்தின் முழு வடிவமும் அப்போதுதான் தெரியும். விசில் ஊதியதும் மற்றப் பிள்ளைகள் எல்லாம் நாலாக வெட்டிய தோடம்பழத் துண்டுகளைப் பார்த்து ஓடுவார்கள். பயிற்சியாளர் ஜோஷ் புல்லிலே சப்பாணி கட்டி இருந்துகொண்டு, எல்லாருக்கும் சந்தோசமா என்று கேட்பார். ஜோஷுக்கு இருபத்தைந்து வயது, தொழில் குழாய் பொருத்துவது, நடக்கப் பழகின நாளிலிருந்து ஃபுட்டி. அவர் இடைவேளையில் சொல்லுகிற பாடம் அது ஒன்றுதான். அந்த நேரம் பார்த்துக் கோட்டுக்கு இப்பால் இருந்து ஒரு குரல் வரும்.

"துவாரகா! தோடம்பழத்தை விட்டுட்டு இஞ்சை வா!"

அவள் வருவாள். போத்தல் திறக்கப்படும். உள்ளே என்ன? முட்டைக்கோப்பி. பச்சை முட்டையை நுரைக்க அடித்து, சீனி போட்டு, கொதிக்கிற கோப்பியை விட்டது. பிராந்தி ஒன்றுதான் குறை. அதைக் குடித்துக்கொண்டே பிள்ளை பாடம் கேட்க வேண்டும்.

"அந்தச் சிவப்புச் சப்பாத்துப் பெட்டைக்கு முன்னாலை நில் எண்டு சொன்னனான் எல்லோ. ஏன் பின்னாலை நிண்டனி?"

"ஜோஷ் சொன்னவர், எங்க வேணுமெண்டாலும் ரன் பண்ணலாம் எண்டு."

"ஜோஷுக்கு என்ன தெரியும்? அவன் சின்னனிலை இருந்து விளையாடுறவன், யோசிக்காமல் விளையாடுவான். நான் வளந்தாப்பிறகு படிச்சுப் பழகினனான். எனக்குத்தான் விளக்கம் கூட."

இந்த நியாயத்துக்கு என்ன பதில் சொல்லுவீர்கள்? இந்த வயதுப் பிள்ளைகளின் ஆட்டத்துக்குப் புள்ளி போடுவதில்லை, வென்றவர் தோற்றவர் கிடையாது என்பது விதி. அருந்தவன் புள்ளி போடுவார். கைபேசியில் எழுதி வைத்திருப்பார். காரிலே வீடு திரும்பும்போது மகளுக்கு மட்டும் தோல்வியை அறிவிப்பார். பிடிபட்ட வீரர் பந்தை விடாமல் வைத்திருந்தால் பெரிய ஆட்டங்களில் சனம் சேர்ந்து "போல்!", அதாவது பந்து, என்று கத்தும்; அருந்தவனோ யார் பந்தை வைத்திருந்தாலும் கத்துவார். ஒருநாள் பந்தைப் பையில் போட்டுக்கொண்டு போன நடுவரைப் பார்த்தும் கத்தினார்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கையில்தான் அந்தச் செய்தி வந்தது. பெரிய அணிகள் மோதுகிற எம்.சி.ஜி. மைதானத்தில், இடைவேளையில் வீரர்கள் உள்ளே போய் இளைப்பாறும்போது, புறநகர்க் கழகங்களின் சின்னப் பிள்ளைகளை இறக்கி எட்டு நிமிடம் விளையாட விடுவார்கள். எங்கள் கழகத்துக்கும் இடம் கிடைத்தது. எல்லாரும் போக முடியாது, ஆகவே ஜோஷ் தன் தொப்பிக்குள் பெயர்களைப் போட்டுக் குலுக்கினார். துவாரகா பெயர் வந்தது. வினுஷா பெயரும் வந்தது. குலுக்கல்! என் கண்ணால் பார்த்தேன். ஆனால் அன்று பின்னேரம் பாரிஸில் இருக்கிற அருந்தவனின் அக்கா எனக்கு அழைத்து, "தம்பியின்ரை மகள் தெரிவாகிட்டாளாம், உங்கடை பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போறாளாமே" என்று கேட்டார். நானும் ஓம் அக்கா என்று சொல்லி வைத்தேன்.

அதற்குப் பிறகு அருந்தவன் செய்தவற்றைக் கேளுங்கள். புதுக் கார் வாங்கினால் கோயிலுக்குக் கொண்டுபோய்ச் சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைப்பது நம்முடைய வழக்கம். அதே மாதிரிப் பந்தைக் கொண்டுபோனார். ஐயர் பந்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது தோல் எல்லோ. தோல் சாமான் உள்ளுக்கு வேண்டாம், செருப்போடை வையுங்கோ" என்றார். அருந்தவன் விடுவாரா? கடைக்கு ஓடி ஒரு பிளாஸ்டிக் பந்து வாங்கி வந்து, அதற்குத் துவாரகாவின் பெயர் நட்சத்திரத்தில் அர்ச்சனை செய்வித்து, கார்த் தரிப்பிடத்தில் வைத்து அந்தத் திருநீற்றை எடுத்துத் தோல்பந்துக்குப் பூசினார். அடுத்ததாக ஒரு தொப்பி வாங்கினார். அடிபடாமல் இருக்கப் பிள்ளைகள் போடுகிற மெத்தைத் தொப்பி. கடையிலே கறுப்பு இருந்தது, நீலம் இருந்தது. அவர் எடுத்தது கிளிப்பச்சை. எத்தனை தூரத்திலிருந்தும் மகளைக் கமெராவில் தவறவிடக் கூடாதாம்.

அந்தக் கிழமை துவாரகா வினுஷாவோடு படிக்க எங்கள் வீட்டுக்கு வந்தவள், குசினி வாசலில் வந்து நின்றாள்.

"அங்கிள், அப்பாவை மேல, லாஸ்ட் ரோவில இருத்தி வைப்பீங்களா?"

"ஏன் பிள்ளை?"

"எட்டு மினிட்ஸ்தான் அங்கிள். அண்டைக்கு மட்டும் அவர் கத்துறது எனக்குக் கேக்கக் கூடாது. ப்ளீஸ்."

ஓம் பிள்ளை, நான் பார்க்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். உண்மையாகத்தான் கொடுத்தேன்.

நாளும் வந்தது. அருந்தவன் இருபத்திரண்டு பேரைக் கூட்டி வந்திருந்தார். டண்டினோங்கில் இருந்து மச்சான் குடும்பம், மனைவி நிரஞ்சினியோடு வேலை செய்கிறவர்கள், யாரென்று யாருக்குமே தெரியாத ஓர் அங்கிள். நான் சொன்னபடியே எல்லாரையும் உச்சி வரிசையில் இருத்தினேன். அதுவரை சரி. இடைவேளைச் சங்கு ஊதியது. சனம் முழுக்கச் சூடான மீட் பையும் பியரும் வாங்க எழும்பிப் போக, கீழ் வரிசைகள் காலியாகின. அருந்தவன் அதைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். மனுசன் படிகளில் பாய்ந்து இறங்கி வேலியடிக்குப் போய்விட்டார்.

நானும் பின்னாலே ஓடினேன். மறிக்கவா? மறிக்கத்தான் ஓடினேன் என்று சொல்ல எனக்கும் ஆசை. பக்கத்திலே நின்று கேட்டால் ஒரு சொல்லும் தவறாது, இதை ஒரு கட்டுரையாக எழுதலாம் என்று எனக்குப் பாதிப் படியிலேயே தோன்றிவிட்டது. வேலியில் சாய்ந்துகொண்டு பார்க்கத் தொடங்கினேன்.

பிள்ளைகள் வந்தார்கள். எல்லாருக்கும் முழங்கால் வரை தொங்குகிற ஒரே மாதிரிச் சட்டை, அந்தப் பெரிய பச்சைத் தரையில் யார் யார் என்றே தெரியவில்லை. ஆனால் நமக்கென்ன, கிளிப்பச்சைத் தொப்பி இருக்கிறதே. அருந்தவன் பாரிஸ், ரொறன்ரோ, லண்டன் எல்லாவற்றையும் ஒரே அழைப்பில் இணைத்து, கமெராவைத் தொப்பியை நோக்கிப் பிடித்தார்.

"ஓடு! வலப்பக்கம்! வலப்பக்கம் எண்டுறன்! ஐயோ, ஏன் நிக்கிறாய்? போல்!"

தொப்பி நின்று திரும்பிப் பார்த்து, எங்களுக்குக் கை காட்டியது.

"கையைக் காட்டாதை, ஓடு!"

கைபேசிக்குள் இருந்து பாரிஸ் அக்காவின் குரல்: "உதைக்கிற காலைப் பாரன், அப்பப்பான்ரை கால் அப்பிடியே!" ரொறன்ரோ அதை ஆமோதித்தது. "எங்கடை பரம்பரைக் கால்" என்று லண்டனும் சொன்னது. தொப்பி அந்தக் காலால் பந்தை உதைக்கப் போய்ப் புல்லை உதைத்து விழுந்து, எழும்பிச் சிரித்தது.

அந்த நேரம் மற்றப் பக்கத்தில் ஒரு பிள்ளை, வெறுந்தலையோடு, மூன்று பேருக்கு நடுவே எழும்பிப் பந்தைப் பிடித்து, இறங்கின வேகத்திலேயே திரும்பி நடுக் கம்பங்களுக்குள் அடித்தது. அடித்துவிட்டு இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வட்டமாக ஓடியது. உச்சி வரிசையில் நிரஞ்சினி கதிரையில் ஏறி நின்று கை தட்டுவது தெரிந்தது. யார் பெற்ற பிள்ளைக்கோ இப்படிக் கை தட்டுகிறாளே, எவ்வளவு பெரிய மனசு என்று நினைத்தேன். அருந்தவன் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. "அங்காலை ஆரோ கோல் அடிச்சிட்டுது, நீ இஞ்சை நிண்டு சிரி!" என்று தொப்பியை ஏசினார். நான் வேலியைப் பிடித்துக்கொண்டு வயிறு நோகச் சிரித்தேன். எட்டு நிமிடம் எட்டு நொடியாய்ப் போனது.

வீடு திரும்ப ரெயினில் ஏறினோம். பிள்ளைகள் இருவரும் எதிரே இருந்து ஒரே பெட்டியில் சிப்ஸ் தின்றார்கள். துவாரகாவின் முகம் முழுக்கச் சிரிப்பு. அருந்தவன் கைபேசியை நீட்டினார்.

"இதைப் பார். இந்த இடத்திலை நீ வலப்பக்கம் ஓடியிருக்கோணும்."

துவாரகா பார்த்தாள். "அது நானில்லை அப்பா."

"என்ன நானில்லை? தொப்பி?"

"தொப்பியை வினுஷாட்டைக் குடுத்தனான். நீங்கள் தொப்பியைப் பாத்துத்தானே கத்துவீங்கள்." சிப்ஸ் ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டுச் சொன்னாள்: "எவ்ரி சட்டர்டேயும் நீங்கள்தானே அப்பா விளையாடுறீங்கள். நானும் ஒருக்கா விளையாடிப் பாக்கோணும் எண்டு ஆசையா இருந்தது."

நிரஞ்சினி மெதுவாக, "கோல் அடிச்சது இவள்தான்" என்றாள். மனுசன் கைபேசியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், பிறகு யன்னலுக்கு வெளியே பார்த்தார். கண் கலங்கியிருந்தது. பாவமாக இருந்தது. ஆனாலும் சொல்லுகிறேனே, என் கட்டுரைக்கு இதைவிட நல்ல முடிவு கிடைக்குமா என்று மனசுக்குள் துள்ளிக்கொண்டுதான் இருந்தேன்.

அப்போது வினுஷா என் முழங்காலைத் தட்டினாள்.

"அப்பா, அருந்தவன் அங்கிளுக்குத்தான் தெரியேல்லை. உங்களுக்குமா தெரியேல்லை? நான் உங்களுக்குத்தானே கை காட்டினனான்."

என் கையில் கமெராவும் இல்லை, கத்தவும் இல்லை, பத்து மீற்றர் தூரத்தில் சும்மா நின்றேன். என் பிள்ளை விழுந்ததையும் எழும்பியதையும் பார்த்துச் சிரித்தேன், அது என் பிள்ளை என்று தெரியாமல். "வெயில் கண்ணுக்குள்ளை அடிச்சது" என்றேன். அன்று மழை தூறிக்கொண்டிருந்தது. அவள் மிச்சச் சிப்ஸை எனக்கு நீட்டினாள்.

வாசகர்களே, நீங்கள் இவ்வளவு நேரமும் சிரித்திருப்பீர்கள். எனக்குச் சந்தோசம். ஆனால் அடுத்த சனிக்கிழமை புல்வெளியோ, நீச்சல் குளமோ, வயலின் வகுப்போ, எங்கே போனாலும் ஒன்று செய்யுங்கள். பிள்ளையின் முறை வந்ததும் அதன் கண் முதலில் எங்கே போகிறது என்று கவனியுங்கள். பந்துக்குப் போனால் தப்பினீர்கள். பயந்துபோய் உங்களிடம் வந்தால் நீங்களும் அருந்தவனின் இனம். எங்கே போனது என்று பார்க்கவில்லை, பக்கத்து வீட்டு அப்பாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்துவிட்டேன் என்கிறீர்களா? அப்படியென்றால் கூச்சப்படாமல் இங்கே வாருங்கள், வேலியடியில் எனக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது.