தைலமரக் காட்டில் இறக்கிவிட்ட பாட்டு

கம்ப்யூட்டர் ஏதாவது கேட்டால், கேள்வியை முழுதாகப் படிக்காமலே ‘ஆம்’ என்று அமுக்கிவிடுகிற ஆள் நான். ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறவளுக்கு நிதானமாகப் படிக்க நேரம் ஏது? எதிரே ஆதார் அட்டையைப் பிடித்துக்கொண்டு ஏழெட்டுப் பேர் நிற்பார்கள். அமுக்கினால் வேலை முடியும். முடிந்துகொண்டும் இருந்தது, என் வீட்டுக்காரருடைய பாட்டில் நான் கை வைக்கிற வரைக்கும்.

அவர் புதுக்கோட்டைக்கும் அறந்தாங்கிக்கும் நடுவே ஓடுகிற ஒரு தனியார் பஸ்ஸின் டிரைவர். பேச்சு குறைவு. (வீட்டில் இரண்டு பேருமே பேசினால் கேட்பது யார் என்பது அவருடைய நியாயம்.) ஆனால் பாட்டுப் பைத்தியம். திருக்கோகர்ணத்து வாடகை வீட்டில், கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பழைய கம்ப்யூட்டர் வைத்திருந்தார். அதில் ‘பஸ்’ என்று ஒரு ஃபோல்டர். டூட்டி முடிந்து வந்ததும் அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவார். ஒரு பாட்டை மேலே ஏற்றுவார், ஒன்றைக் கீழே தள்ளுவார், கண்ணை மூடி யோசிப்பார், மறுபடி மாற்றுவார். அந்த வரிசையை அப்படியே பென்டிரைவில் போட்டு பஸ்ஸுக்கு எடுத்துப்போவார். பொழுதுபோகாத மனுசன் என்று நினைத்துக்கொள்வேன்.

குவைத்திலிருந்து வந்த என் தம்பி ஒரு லேப்டாப் கொண்டுவந்து கொடுத்தான். பழைய கம்ப்யூட்டர் அப்போது மாவாட்டுகிற கிரைண்டர் போல இரைந்துகொண்டிருந்தது. “பாட்டையெல்லாம் நான் மாத்தித் தாரேன்” என்று நானே வலியப் போய்ச் சொன்னேன். யாரும் கேட்கவில்லை.

பாட்டுகளை எடுத்தேன். அவருடைய வரிசையையும் எடுத்தேன். லேப்டாப்பில் திறந்தால் பெயர்கள் எல்லாம் வந்தன, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சிவப்புக் குறி. எதைத் தட்டினாலும் சத்தம் இல்லை. கொஞ்சம் நோண்டிப் பார்த்ததில் விஷயம் பிடிபட்டது. அந்த வரிசைக்குள் பாட்டே கிடையாது, பாட்டு இருக்கும் விலாசம்தான் இருக்கிறது. பாட்டுகள் புது வீட்டுக்குக் குடிவந்துவிட்டன, வரிசையோ பழைய வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறது. இதைக் கண்டுபிடித்ததில் எனக்கு ஏகப்பட்ட பெருமை. அந்த நேரம் பார்த்து லேப்டாப் இங்கிலீஷில் ஏதோ கேட்டது. ‘ஆம்’ என்று அமுக்கினேன்.

காணாமல்போனவற்றை நீக்கிவிடலாமா என்றுதான் அது கேட்டிருக்கிறது. வரிசை மொத்தமும் துடைத்த பலகையாகிவிட்டது. நான் அலட்டிக்கொள்ளவே இல்லை. ‘பஸ்’ ஃபோல்டரை அப்படியே இழுத்து உள்ளே விட்டேன். எல்லாப் பாட்டும் அகரவரிசையில் வந்து நின்றன. எல்லாம் பாடின. பென்டிரைவை அழித்துவிட்டு இதை ஏற்றினேன். பழைய கம்ப்யூட்டரையும் சுத்தமாகத் துடைத்து, பழைய சாமான் வண்டிக்காரரிடம் கொடுத்து ஒரு பிளாஸ்டிக் குடம் வாங்கிக்கொண்டேன்.

“எல்லாம் இருக்கா?” என்றார் அவர்.

“ஒண்ணு விடாம இருக்கு.”

அது உண்மைதான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அறந்தாங்கியில் இருக்கிற தம்பி வீட்டுக்குப் போக மகளையும் கூட்டிக்கொண்டு அவர் பஸ்ஸிலேயே ஏறினேன். முன் சீட்டில், பாராட்டு வாங்குகிற தோரணையில் உட்கார்ந்தேன். பஸ்ஸில் நல்ல கூட்டம். பட்டுச்சேலை கட்டிய பெண்கள் சிலர் தாம்பாளத் தட்டுகளோடு ஏறினார்கள். ஏதோ நிச்சயதார்த்தம்.

“ரைஸ்மில் ஸ்டாப் வந்தாச் சொல்லுங்க தம்பி, புது எடம்” என்றார் அவர்களில் மூத்தவர்.

கண்டக்டர் முருகேசு டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே சொன்னார்: “அம்மா பாட்டு வரும்க்கா. அது முடிஞ்சதும் முன்படில எறங்கிக்கங்க. அதான் ரைஸ்மில்லு.”

இது என்ன கூத்து என்று நான் திரும்பிப் பார்ப்பதற்குள் முருகேசு கூட்டத்துக்குள் பின்னால் போய்விட்டார்.

பாட்டுகளின் பெயரெல்லாம் இங்கிலீஷ் எழுத்தில் இருந்தது, அதனால் ‘ஏ’ எழுத்துக்காரப் பாட்டெல்லாம் முன்னால் வந்து நின்றன. முதலில் ஒன்றிரண்டு ஏதோ பாடின. அப்புறம் பிடித்தது அம்மா. ஒரு அம்மா முடிந்தால் அடுத்த அம்மா. பெற்ற அம்மா, வளர்த்த அம்மா, செத்துப்போன அம்மா. தமிழ்நாட்டில் அம்மாவைப் பற்றி இத்தனை பேர் அழுதிருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பஸ்ஸில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினார்கள். என் பின்சீட்டுக்காரர் போனை எடுத்து, “ஒண்ணுமில்லத்தா, சும்மாதான் கூப்பிட்டேன்” என்றார். பஸ்ஸும் மாட்டுவண்டி வேகத்துக்கு வந்துவிட்டது. எங்களுக்குப் பின்னால் புறப்பட்ட பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே எங்களைத் தாண்டி, எங்கள் ஸ்டாப்பில் நின்ற சனத்தையெல்லாம் அள்ளிக்கொண்டு போனது.

“என்னங்க, இப்படி உருட்டுறீங்க?” என்றேன்.

“எங்க போறேன்னே தெரியலடி” என்றார்.

தட்டுக்காரப் பெண்கள் முதல் அம்மா முடிந்ததுமே எழுந்து, அடுத்து நின்ற இடத்தில் இறங்கிவிட்டார்கள். அது தைலமரக் காடு. இந்தப் பக்கம் மரம், அந்தப் பக்கம் மரம், நடுவே ரோடு. யாரோ ஒருவர் இறங்குவதற்காக நின்ற ஸ்டாப். பஸ் நகர்ந்த பிறகு நான் திரும்பிப் பார்த்தேன். தேங்காய், பழம், பூத்தட்டைத் தூக்கிக்கொண்டு அவர்கள் வீட்டைத் தேடிக் காட்டுக்குள் போய்க்கொண்டிருந்தார்கள்.

பஸ் முதலாளியின் மச்சினி வீட்டு ஆட்கள் அவர்கள். நாங்கள் அறந்தாங்கி போய்ச் சேருவதற்குள் போன் வந்துவிட்டது. முதலாளியே இன்னொரு வண்டி அனுப்பி அவர்களைப் போகவேண்டிய வீட்டில் சேர்த்தாராம். “அடுத்த ஞாயித்துக்கெழம நானே வண்டில வருவேன். பழையபடி இருக்கணும். இல்லேன்னா பாட்டு செட்டையே கழட்டிருவேன்” என்று முதலாளி கத்தியது எனக்கே கேட்டது. என் வீட்டுக்காரர் போனை வைத்துவிட்டு ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். திட்டியிருந்தால் திரும்பத் திட்டியிருப்பேன். அவர் திட்டவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

முருகேசுதான் விளக்கினார். “அண்ணி, அண்ணன் வாட்சே பாக்க மாட்டாரு. பாட்டுதான் டயம். இந்த வளைவுல இந்தப் பாட்டு, அந்தப் பாலத்துல அந்தப் பாட்டு. சனமும் அதையே புடிச்சுக்கிச்சு. நான் ஸ்டாப்பு பேரச் சொல்லியே வருசக்கணக்காச்சு.”

எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட ஆச்சரியமாக இருந்தது. கூடவே குடித்தனம் நடத்துகிற மனுசன், ரோடு முழுக்கப் பாட்டாலேயே கடிகாரம் கட்டி வைத்திருக்கிறார், எனக்குத் தெரியவில்லையே!

வீட்டில் உட்கார வைத்து வரிசையைக் கேட்டேன். அவருக்குச் சொல்ல வரவில்லை. “ரோட்டப் பாத்தாத்தான் வரும்” என்றார். ஆகவே கடைக்கு லீவு போட்டுவிட்டு, லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, தினமும் அதே முன் சீட்டில் ஏறினேன். அவர் ரோட்டைப் பார்த்தபடி, “இங்கிட்டுத் திரும்பையில புல்லாங்குழல் பாட்டு... பாலத்துல அந்த ரெண்டு பேரு சண்ட போடுற பாட்டு” என்று சொல்லச் சொல்ல நான் அடுக்கினேன். அவர் சேர்ந்தாற்போல அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. நடுவில் நான் வாய் திறக்கவும் இல்லை.

அவருக்குச் சந்தேகம் வந்த இடத்தில் பஸ்ஸே சாட்சி சொல்லக் கிளம்பியது. கைகாட்டி ஸ்டாப்பில் ஏறுகிற கீரைக்கார அக்காவுக்கு அங்கிருந்து சந்தை வரைக்கும் மட்டும் அத்துப்படி. அதற்கு முன்னால் பாட்டு என்று ஒன்று ஓடுவதே அவருக்குத் தெரியாது. எங்களுக்கு வாய்த்த அருமையான சாட்சி, ஏறியதும் தூங்கிவிடுகிற ஒரு வாத்தியார். அவரை நம்பித் தூங்கச் சொன்னோம். குறிப்பிட்ட இடத்தில் கண் விழித்து, “இங்க விசில் பாட்டு வரணும்மா. அதுலதான் எனக்கு முழிப்பு வரும்” என்றார். போட்டுப் பார்த்தோம். விசில் முடிவதற்கும் பள்ளிக்கூட வாசல் வருவதற்கும் சரியாக இருந்தது. பஸ்ஸில் கைதட்டினார்கள்.

ஒரே ஒரு இடம்தான் நிரம்பவில்லை. ஊர் எல்லையைத் தொட்டதிலிருந்து அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் என்ன பாட்டு? ஒருவருக்கும் தெரியவில்லை. ஏன் என்று யோசித்து, அந்த இடத்தில் எழுந்து நின்று பார்த்தேன். எல்லாரும் பையைத் தேடுகிறார்கள், செருப்பைத் தேடுகிறார்கள், பிள்ளையை எழுப்புகிறார்கள். அவரோ ஷேர் ஆட்டோக்காரர்களை வைதுகொண்டிருக்கிறார். தினமும் பாடியும் யார் காதிலும் விழாத பாட்டு அது.

சும்மா விடவும் முடியாது. விட்டால் திரும்பி வருகிற ட்ரிப்பின் முதல் பாட்டு அங்கேயே ஆரம்பித்து, மறுபடி எல்லாம் குழம்பும். ராத்திரி வீட்டில் நான் ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினேன். “இது இல்ல” என்றார். அடுத்ததற்கும் “இது இல்ல”. பாதியிலேயே பொறுமை போய், சத்தமே இல்லாத ஒரு பாட்டை அந்த நீளத்துக்குச் செய்து நடுவில் செருகினேன். “ஏதாவது பேரு வைங்க” என்று லேப்டாப்பை அவரிடம் தள்ளினேன். ஒற்றை விரலால் தேடித் தேடி அடித்தார். பார்த்தால், ரேவதி. என் பெயர்.

“ஏங்க, சத்தமே இல்லாததுக்கு எம்பேரா?”

“தொலச்சது நீதானே” என்றார். சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார், சிரிப்பில் தோள் குலுங்கியது.

ஞாயிற்றுக்கிழமை முதலாளி வந்தார். ரைஸ்மில்லில் அம்மா பாட்டு சரியாக முடிந்ததும் தலையை ஆட்டினார். ஊர் எல்லையில் பாட்டு நின்றதும், “என்னய்யா, செட்டு போச்சா?” என்றார். செட்டின் சின்னத் திரையில் ஓடிய பெயரை எட்டிப் பார்த்த முருகேசு, “இல்ல மொதலாளி, ரேவதி அண்ணி ஓடுது” என்றார். முதலாளி சிரித்த சிரிப்பில் செட்டு பிழைத்துக்கொண்டது. அன்றிலிருந்து புது ஆட்களுக்கு முருகேசு சொல்வது இதுதான்: “ரேவதி வந்ததும் மூட்டைய எடுத்துக்கங்க.”

போன மாதம், அன்றைக்கு நான் போட்டுக் காட்டாமல் விட்ட பழைய பாட்டு ஒன்றை எங்கேயோ கேட்டு, ஒரு சந்தேகத்தில் அவருக்குப் போட்டுக் காட்டினேன். முதல் வரியிலேயே நிமிர்ந்தார். “இதேதான். இதேதான் ரேவதி!” சந்தோஷமாகப் பென்டிரைவை நீட்டினேன். வாங்கவில்லை. “இருக்கட்டும், சனம் பழகிருச்சு” என்றார்.

சனம் பழகியது இருக்கட்டும். வீட்டில் எப்போதாவது சண்டை போட்டு, கோபத்தில் நான் பேசாமல் உட்கார்ந்திருந்தால் என் மகள் சமையலறையிலிருந்து குரல் கொடுக்கிறாள்: “அப்பா, அறந்தாங்கி வந்துருச்சு. எறங்கி வாங்க!”