மூன்றாம் ஜனாதிபதியின் சவரக்கத்தியும் என் மகளின் கலியாணமும்

பெண்ணைக் கொடுப்பதற்கு முன் மாப்பிள்ளை வீட்டை விசாரிக்காத தகப்பன் எங்கள் ஆட்களில் கிடையாது. அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. ஆனால் மாப்பிள்ளை வீட்டை விசாரிக்கப் போய் ஒரு முழு நாட்டையே விசாரித்துவிட்டு, அந்த விசாரணையின் முடிவைச் சம்பந்தி வீட்டாருக்கே சாப்பாட்டு மேசையில் ஒப்புவித்த மடையன், எனக்குத் தெரிந்தவரை, நான் ஒருவன்தான்.

(இதை என் மனைவி சொல்லி ஊர் கேட்பதைவிட நானே எழுதிவிடுவது மானத்துக்கு நல்லது. அவள் சொன்னால் நடித்தும் காட்டுவாள்.)

நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டில் குடியேறியவர்கள். என் மகள் துளசி அதே ஊரில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை செய்தாள். அங்கே கூட வேலை செய்த ஜோஷ் என்ற அமெரிக்கப் பையனைத்தான் கட்டுவேன் என்று ஒருநாள் வந்து சொன்னாள். பையனில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வந்தால் சப்பாத்தை வாசலிலேயே கழற்றுவான். என் மனைவி பரிமளத்தின் இறால் குழம்பைக் கண்ணீர் ஒழுக ஒழுகச் சாப்பிட்டுவிட்டு, "இன்னும் கொஞ்சம்" என்று கோப்பையை நீட்டுவான். ஆனால் கலியாணம் முடிந்த கையோடு இரண்டு பேரும் அவனுடைய ஊரான வெர்ஜீனியாவுக்குப் போய், அவனுடைய தாய் தகப்பனுக்குப் பக்கத்து வீட்டில் குடியிருக்கப்போகிறார்கள் என்றதும்தான் நான் விசாரணையில் இறங்கினேன்.

யாழ்ப்பாணத்துப் பையன் என்றால் எனக்கு ஒரு தொலைபேசி அழைப்புப் போதும். அந்த ஊரில் ஒருவரைப் பிடித்து, சுகம் கேட்டு, மழை கேட்டு, மெல்ல "பக்கத்து வீட்டு ஆக்கள் எப்பிடி?" என்று ஒரு வார்த்தை விட்டால், மூன்று தலைமுறையின் குடி, கோபம், கோயில் வழக்கு எல்லாம் வந்து கொட்டும். வெர்ஜீனியாவில் எனக்கு யாரைத் தெரியும்? கோயிலில் சிவராசா அண்ணையிடம் கேட்டுப் பார்த்தேன். உலகம் முழுக்கச் சொந்தக்காரர் உள்ள மனிதர்.

"அமெரிக்காவிலை எனக்குத் தெரிஞ்சது கனடா மட்டும்தான் தம்பி," என்றார்.

இந்த நிலைமையில்தான் ஜோஷின் தகப்பன் கிளென் காணொளி அழைப்பில் வந்தார். திரை கொள்ளாத தோள்கள். தேவாலயம் தவறாத குடும்பம் என்று கேள்வி. நானும் விட்டுக்கொடுக்காமல் நெற்றி நிறைய நீறு பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "உங்கள் வீட்டில் கடவுள் வழிபாடு எப்படி?" என்று கேட்டேன். அவர் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு நீளமாக ஏதோ சொன்னார். துளசி அதைச் சுருக்கித் தந்தாள்.

"தங்கட நாட்டை உண்டாக்கின பெரியவை என்ன விசுவாசத்தோட இருந்தவையோ, அதே விசுவாசம்தானாம் தங்கட வீட்டிலையும்."

வேறு என்ன வேண்டும்? யாரை விசாரிக்க வேண்டும் என்று அவரே ஆளைக் காட்டிவிட்டார்! அந்தப் பெரியவர்கள் செத்து ஏறக்குறைய இருநூறு வருடமாகிவிட்டது என்பது எனக்கு ஒரு தடையாகவே படவில்லை. (செத்தவர்களை விசாரிப்பது லேசு. "நான் சொன்னதாகச் சொல்லிப்போடாதேங்கோ" என்று கெஞ்ச மாட்டார்கள்.)

நான் ஒரு கன்ரீனில் சமையல் வேலை பார்ப்பவன். ஊரில் சாதாரண தரப் பரீட்சையில் சரித்திரம் எனக்கு என்ன செய்தது என்று கேட்காதீர்கள். ஆனாலும் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு, எங்கள் பகுதி நூலகத்துக்குப் போனேன். அமெரிக்க வரலாறு என்றதும் நூலகப் பெண்மணி தலையணை மொத்தத்தில் புத்தகங்களைக் காட்டினார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எத்தனையாம் வகுப்புப் பிள்ளைக்கு?" என்று கேட்டார். எனக்குத்தான் என்று சொல்ல மானம் விடவில்லை. "ஏழாம் வகுப்பு," என்றேன்.

அப்படித்தான் நான் சிறுவர் பகுதிக்கு வந்து சேர்ந்தேன். அங்கே முழங்காலும் நாடியும் முட்டிக்கொள்ளும்படி ஒரு குட்டிச் சிவப்புக் கதிரையில் குந்தி, சனிக்கிழமை தவறாமல் அமெரிக்காவை விசாரித்தேன். படம் போட்ட புத்தகத்தில் பாதி, கைத்தொலைபேசிக் காணொளிகளில் மீதி. விசாரிக்க விசாரிக்க எனக்கு வியர்த்தது.

முதலாம் ஜனாதிபதி தேவாலயத்துக்குப் போவாராம். ஆனால் அப்பமும் திராட்சை ரசமும் கொடுக்கிற நேரம் வந்தால் எழுந்து போய்விடுவாராம். எங்கள் கோயிலில் பூசை முடிகிற நேரம் பார்த்துப் பிரசாதத்துக்கு மட்டும் வருகிறவர்களைத்தான் எனக்குத் தெரியும். பூசைக்கு இருந்துவிட்டுப் பிரசாதத்தை விட்டுப் போகிற மனிதரை அன்றுதான் அறிந்தேன்.

மூன்றாம் ஜனாதிபதி இன்னும் மோசம். அவர் வெர்ஜீனியாவேதான், சம்பந்தியின் சொந்த ஊர். வேதப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, தனக்கு நம்ப முடியாத அற்புதங்களையெல்லாம் சவரக்கத்தியால் விலக்கிவிட்டு, மிச்சத்தை மட்டும் வெட்டி ஒட்டித் தனியாக ஒரு புத்தகம் செய்து வைத்திருந்தாராம். எங்கள் புராணங்களில் அற்புதங்களை வெட்டினால் மிஞ்சுவது அட்டை மட்டும்தான்!

பிறகு அந்தப் பட்டம் விட்டு மின்னலைப் பிடித்த கிழவர். இயேசு கடவுள்தானா என்று வயதான காலத்தில் கேட்டதற்கு, எனக்குக் கொஞ்சம் சந்தேகம், ஆனால் இப்போது ஏன் மண்டையை உடைப்பான், கெதியில் நேரிலேயே தெரிந்துவிடும் என்கிற மாதிரிப் பதில் எழுதியிருக்கிறார். அதே கிழவர், அரசியலமைப்பு எழுதக் கூடிய சபையில், தினமும் பாதிரியாரை அழைத்துச் செபத்தோடு தொடங்குவோம் என்றாராம். பாதிரியாருக்குக் கொடுக்கக் காசில்லை என்று ஒருவர் எழும்ப, பேச்சு அப்படியே விழுந்துவிட்டதாம். இந்த ஓர் இடத்தில் மட்டும் எனக்கு மனம் குளிர்ந்தது. அச்சு அசல் எங்கள் கோயில் நிர்வாகசபை.

பக்தியான ஆட்களும் அந்தக் கூட்டத்தில் இருந்ததாகப் புத்தகம் சொல்லியது. அந்தப் பக்கங்களை நான் தட்டிவிட்டேன். கலியாண விசாரணையில் யார் நல்லதைத் தேடுகிறார்கள்?

கிளெனும் அவர் மனைவி மார்த்தாவும் ஜெர்மனிக்கு வந்தார்கள். துளசிக்குக் கோயிலில் தாலி கட்ட ஆசை. எனக்கு அதைவிட ஆசை. ஆனால் இந்துக் கோயிலுக்குள் கால் வைப்பதா என்று கிளென் இன்னும் முடிவு சொல்லவில்லை. எங்களை நேரில் கண்டபிறகு சொல்வதாக இருந்தார்.

"அவர் வராட்டி ஜோஷ் உடைஞ்சுபோவான் அப்பா. பிறகு கோயிலும் இல்லை, ஒண்டும் இல்லை. ஸ்டாண்டஸம்ட்டிலை பதிவுக் கையெழுத்து மட்டும்தான்," என்றாள் துளசி. "சாமிக் கதை ஒண்டும் வேண்டாம். காரைப் பற்றிக் கதையுங்கோ. ஸ்டுட்கார்ட் மாதிரி கார் செய்யிற ஊரிலை இருந்துகொண்டு காரைப் பற்றிக் கதைக்க ஏலாதோ?"

"ஏலும், ஏலும்," என்றேன்.

சனிக்கிழமை மத்தியானச் சாப்பாடு. உட்கார்ந்ததும் நான் ஒரு வடையை வாய்க்குள் போட்டேன். அதே நேரம் கிளென் எல்லோருடைய கையையும் பிடிக்கச் சொல்லிக் கண்ணை மூடிச் செபிக்கத் தொடங்கினார். நீண்ட செபம். மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் நான் வடையோடு தவம் இருந்தேன். அவர் "ஆமென்" என்றதும் பழக்கதோஷத்தில் என் வாயிலிருந்து "அரோகரா" என்று வந்தது. வடையும் கொஞ்சம் வந்தது.

அதன்பிறகு நான் சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். கார் கதைத்தேன். டயர் கதைத்தேன். நெடுஞ்சாலை வேகம்கூடக் கதைத்தேன். கெடுத்தது கிளென்தான். வெர்ஜீனியா பல ஜனாதிபதிகளைப் பெற்ற மண் என்று பெருமையாகச் சொன்னார்.

"ஓம், தெரியும். நான் எல்லாரையும் விசாரிச்சனான்," என்றேன். (ஆங்கிலத்தில்தான். அதை அப்படியே எழுதினால் ஆங்கிலத்துக்கு அவமானம்.)

துளசியின் கரண்டி அந்தரத்தில் நின்றது.

"யாரை விசாரித்தீர்கள்?" என்றார் கிளென்.

"உங்கட முதலாம் ஜனாதிபதியை. நல்ல மனிசன். ஆனா, பிரசாதம் குடுக்க முன்னம் எழும்பிப் போறவராமே. ஏன்? கார் விட இடம் இல்லையோ?"

ஜோஷுக்குப் புரையேறியது. பரிமளம் மேசைக்கு அடியால் என் காலை உதைத்தாள். உதை மார்த்தாவுக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த நல்ல மனுசி "மன்னிக்கவும்" என்று சொல்லித் தன் காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

கிளெனின் காதுகள் சிவந்தன. ஐயோ, மனிதர் சங்கடப்படுகிறார், ஆறுதல் சொல்வோம் என்று நினைத்தேன்.

"மூண்டாவது ஆள் உங்கட ஊர்க்காரர். வேதத்திலை கத்தி வைச்சவர். அதுக்கு நீங்கள் கவலைப்படக்கூடாது. எல்லாக் குடும்பத்திலையும் ஒண்டு அப்பிடி இருக்கும். என்ர சித்தப்பா ஒருத்தர் கம்யூனிஸ்ட்."

"இதையெல்லாம் உங்களுக்கு யார் சொன்னது?"

"நூலகம். சிறுவர் பகுதி."

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அடுத்ததையும் கேட்டேன், மனதில் துளி கள்ளம் இல்லாமல்: "உங்கட வீட்டு வேதத்திலையும் வெட்டின இடம் ஏதும் இருக்கோ?"

கிளென் கைத்துணியை நாலாக மடித்து வைத்தார். பரிமளத்துக்கு நன்றி சொன்னார். எழுந்து மேலங்கியை எடுத்தார். பரிமளம் பாயசப் பாத்திரத்தோடு அப்படியே நின்றாள். நான் தமிழில்தானே என்ற துணிவில் அவள் காதில், "பாத்தியே, முதலாம் ஜனாதிபதி மாதிரியே எழும்பிப் போறார்," என்றேன்.

ஜோஷ் துளசிக்காகத் தமிழ் படித்துக்கொண்டிருந்தான் என்பதை மறந்துபோனேன். பையன் மேசையில் முகத்தைப் புதைத்துக் குலுங்கினான். என்னவென்று தாய் கேட்க, அந்தக் கழுதை மொழிபெயர்த்தும் விட்டான். மார்த்தா வாயைப் பொத்தியும் சிரிப்பு வெளியே வந்துவிட்டது. கிளென் தனியாகப் படியிறங்கிப் போனார்.

துளசி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். பரிமளம்தான் பேசினாள்.

"இஞ்சாருங்கோ, மற்ற ஆக்கள் மாப்பிள்ளையைத்தான் கலைக்கிறவை. நீங்கள் ஒரு வல்லரசையே கலைச்சுப்போட்டியள்."

செவ்வாய்க்கிழமை ஜோஷ் தொலைபேசி எடுத்தான். தகப்பன் அந்தப் புத்தகத்தைப் பார்க்க வேண்டுமாம். என்னோடு, தனியாக. பிள்ளையாருக்குத் தேங்காய் ஒன்றை நேர்ந்துகொண்டு போனேன். சிறுவர் பகுதியில் வேறு கதிரை இல்லை. இரண்டு சம்பந்திகளும் இரண்டு சிவப்புக் கதிரைகளில் குந்தினோம். எதிரே முயல் கதை படித்துக்கொண்டிருந்த ஒரு சின்னப்பெண் எங்களைப் பார்த்துவிட்டுத் தாயிடம் போய்விட்டாள்.

கிளென் ஒவ்வொரு பக்கத்துக்கும் மேலே கைத்தொலைபேசியைப் பிடித்து, ஜெர்மனை ஆங்கிலமாக்கி, பொறுமையாக வாசித்தார். ஓர் இடத்தில் விரலை வைத்து என்னைப் பார்த்தார். சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்து வைத்தவர்களில் ஒருவர் பாதிரியாராம்.

"இந்தப் பக்கத்தை நான் பாக்கேல்லை," என்றேன்.

பிறகு சவரக்கத்திப் பக்கம் வந்தது. அதை அவர் இரண்டு தரம் வாசித்தார். "இந்தப் பக்கத்தை என் தகப்பனார் எனக்குக் காட்டவில்லை," என்றார். புத்தகத்தை மூடிவிட்டு, கோபமில்லாமல் கேட்டார்: "ஏன் இதையெல்லாம் தேடினீர்கள்?"

அந்த இடத்தில் என் ஆங்கிலம் தீர்ந்துபோயிற்று. இருந்ததை வைத்துச் சொன்னேன்.

"என்ர பிள்ளை உங்கட வீட்டுக்கு வாறாள். அங்கை எனக்கு ஒருத்தரையும் தெரியாது. காய்ச்சல் எண்டால் இஞ்சை நான் கும்பிடுவன். அங்கை அவளுக்காக ஆர் கும்பிடுவினம்? அதைத்தான் விசாரிச்சனான். கேக்கத் தெரியாமல் கேட்டுப்போட்டன்."

கிளென் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஜோஷ் அவளைப் பற்றிச் சொன்ன நாள் முதல் ஒவ்வொரு காலையும் தானும் மார்த்தாவும் முழந்தாளில் நின்று அவள் பெயரைச் சொல்லிச் செபிப்பதாகச் சொன்னார். சொல்லிக் காட்டினார். "டல்ஸி" என்று வந்தது. நான் திருத்தவில்லை. கடவுளுக்கு விளங்கியிருக்கும்.

எனக்குக் கண் கலங்கி, எழுந்து அவர் கையைப் பிடிப்போம் என்று பார்த்தால், இருவராலும் அந்தக் கதிரையை விட்டு எழும்ப ஏலவில்லை. நூலகப் பெண்மணி வந்து ஒவ்வொருவராகத் தூக்கிவிட்டார்.

கலியாணம் கோயிலில்தான் நடந்தது. கிளென் வேட்டிக்கு மேல் தோல் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு, தாலி கட்டும் நேரம் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். எந்தக் கடவுளிடம் என்று நான் விசாரிக்கவில்லை.

ஆனால் எங்கள் சொந்தத்துக்குள் எனக்கு இப்போது ஓர் உத்தியோகம் கிடைத்திருக்கிறது. யார் வீட்டில் சம்பந்தம் பேசினாலும், "மாப்பிள்ளை இருக்கட்டும், அவையின்ட ஜனாதிபதியை விசாரிச்சாச்சோ?" என்று கேட்டுவிட்டுத்தான் தேத்தண்ணி குடிக்கிறார்கள். போன மாதம் டோர்ட்மண்டிலிருந்து என் மைத்துனன் எடுத்தான். அவனுடைய மகன் ஒரு நோர்வேக்காரப் பிள்ளையை விரும்புகிறானாம்.

"அத்தான், நோர்வே ராசாக்களை ஒருக்கா விசாரிச்சுச் சொல்லுங்கோ," என்றான். பின்னால் அவன் வீடு முழுக்கச் சிரிக்கிற சத்தம் கேட்டது.

"வையடா ஃபோனை!" என்று ஏசிவிட்டு வைத்தேன்.

நேற்று நூலகத்துக்குப் போய் வைக்கிங் ஆட்களைப் பற்றிய புத்தகம் ஒன்றை எடுத்து வந்திருக்கிறேன். நோர்வேக்காரரின் இந்த முன்னோர் கப்பலில் போய்க் கொள்ளையடித்திருக்கிறார்கள். அதை யோசிக்கத்தான் வேண்டும். ஆனால் கையில் சுத்தியலோடு ஒரு சாமி, ஆட்டுக்கடாக்கள் பூட்டிய தேர், ஒற்றைக் கண்ணோடு அவருக்கு ஒரு தகப்பன் சாமி. சமையலறையில் நின்ற பரிமளத்தைக் கூப்பிட்டுப் படத்தைக் காட்டினேன்.

"இவை நல்ல குடும்பம் போலத்தான் கிடக்கு," என்றேன்.