படம் வருது, சத்தம் வரல

கே.ஜி.கண்டிகை தங்கவேல் டீக்கடை பெஞ்சில், மூன்று பேர் சாட்சியாக, தேசப்பன் சபதம் செய்தார்.

"இந்த ஞாயித்துக்கெழமைக்குள்ள என் வீட்டு டிவிய ஒரே பட்டன்ல ஓட வெக்கலன்னா, இந்தக் கடை வாசலை மிதிக்க மாட்டேன்!"

சபதத்துக்குக் காரணம், அவர் சட்டைப் பையில் அப்போது அடித்துக்கொண்டிருந்த போன். மணி ஆறே முக்கால். யார், எதற்கு என்று எடுத்துப் பார்க்கவே தேவையில்லை. பெஞ்சில் இருந்த பஞ்சாட்சரமும் வேணுவும் ஒரே குரலில் சொன்னார்கள்:

"படம் வருது, சத்தம் வரல!"

போனிலும் அதேதான் வந்தது.

"பாவா, படம் வருது, சத்தம் வரல."

பேசியது பங்காரு. தேசப்பனின் மனைவி. நகரிப் பக்கத்திலிருந்து வந்த மாமன் மகள். கல்யாணமாகி முப்பது வருஷம் ஆகியும் அத்தானைத் தெலுங்கில் பாவா என்றுதான் கூப்பிடுவாள்.

"அந்தக் கறுப்பு ரிமோட்ட எடுத்து மேல கீற பட்டன அமுக்கு."

"மூணுமே கறுப்புதான் பாவா."

"பெரிய கறுப்பு!"

"அமுக்கினேன். இப்ப படமும் வரல."

தேசப்பன் பாதி டீயை வைத்துவிட்டு வண்டியை உதைத்தார். திருத்தணி வீட்டுக்குக் கால் மணி நேரம். ஆடிக் கிருத்திகை அன்றுகூட இதே கதைதான். ஊரே காவடி தூக்கிக்கொண்டு மலைக்குப் போக, அந்தக் கூட்டத்தில் எதிர்நீச்சல் போட்டு வீட்டுக்குப் போய் ரிமோட்டை அமுக்கிய ஒரே பக்தர் அவர்தான்.

எல்லாம் மகள் மோனிஷா செய்த வேலை. தை மாதம் கல்யாணமாகிச் சென்னைக்குப் போனவள், அம்மாவும் அப்பாவும் ஆனந்தமாகப் படம் பார்க்கட்டும் என்று ஒரு ஹோம் தியேட்டர் வாங்கி அனுப்பினாள். ஐந்து ஸ்பீக்கர். அவற்றை மேய்க்க ரிசீவர் என்று ஒரு தடித்த பெட்டி. டிவிக்கு ஒரு ரிமோட், செட்டாப் பாக்ஸுக்கு ஒன்று, ரிசீவருக்கு ஒன்று. மூன்றும் ஒரே வீட்டு ஓரகத்திகள் மாதிரி, ஒன்றோடொன்று பேச்சு வார்த்தை கிடையாது. ஒன்றைச் சமாதானம் செய்தால் இன்னொன்று கோபித்துக்கொள்ளும்.

காலையிலிருந்து கண்டிகை வயலில் காய்கிற மனிதருக்குச் சாயங்காலம் ஆறிலிருந்து ஏழரை வரை அந்த டீக்கடை பெஞ்சுதான் சொர்க்கம். உலகத்தில் எந்த விஷயமானாலும் அங்கே தேசப்பன் சொன்னால்தான் முடிவு. ஆனால் முடிவைச் சொல்ல வாய் திறக்கிற நேரம் பார்த்து போன் அடித்துவிடும். வீட்டுக்குப் போய்ச் சத்தத்தை வரவழைத்துத் திரும்பினால் கடையில் ஈதான் இருக்கும். ஆறு மாதமாக ஒரு முடிவும் சொல்லாமல் கிடந்தார் தேசப்பன்.

சனிக்கிழமை டிவியைச் சுவரிலிருந்து நகர்த்தினார். போனில் ஒரு இந்திக்காரர் கைகால் ஆட்டி விளக்கிய வீடியோவை ஏழு தடவை பார்த்தார். மொழி புரியவில்லை. விரல் காட்டிய இடம் புரிந்தது. டிவியின் முதுகுப் பக்கம் தலையை நுழைத்துக்கொண்டு படுத்தார். பங்காரு பக்கத்தில் உட்கார்ந்து டார்ச் பிடித்தாள்.

"இன்னா பாவா தேடிக்கினு கீறீங்க?"

"ஏ.ஆர்.சி.ன்னு எழுதின ஓட்டை. அதுல ரிசீவர் வயர சொருவிட்டா டிவி ஆன் ஆனா அதுவும் தானா ஆன் ஆவும்."

"இதோ, உங்க மூக்குக்கு நேரா கீது."

"தொடாத! ஷாக் கீக் அடிக்கப் போவுது. உனக்கு இதெல்லாம் புரியாது பங்காரு."

"ஆங். எனக்கு இன்னா புரியும்."

டிவியும் ரிசீவரும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும்படி செட்டிங்கை மாற்றினார். டிவியின் சொந்த ஸ்பீக்கரை வாயடைத்தார். செட்டாப் பாக்ஸ் ரிமோட்டுக்கு டிவியை ஆன் செய்யவும் சத்தம் கூட்டவும் கற்றுக்கொடுத்தார். அதற்கு ரிமோட்டும் ரிமோட்டும் மூக்கோடு மூக்கு வைத்து அரை மணி நேரம் கொஞ்ச வேண்டியிருந்தது. மிச்ச இரண்டு ரிமோட்டும் பீரோவுக்குள், பட்டுப்புடவைக்கு அடியில் போயின. ஞாயிறு மத்தியானம், மனைவியின் நகப்பாலிஷால் ஒரு பட்டன்மேல் சிவப்புப் பொட்டு வைத்து அவள் கையில் கொடுத்தார்.

"அமுக்கு."

அமுக்கினாள். படம் வந்தது. ஐந்து மூலையிலிருந்தும் சத்தம் வந்தது. அடுப்படியில் டம்ளர் அதிர்ந்தது.

"எப்படி?"

"நல்லா கீது பாவா," என்றாள். கொஞ்ச நேரம் அந்தச் சிவப்புப் பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ரொம்ப கஷ்டப்பட்டு செஞ்சிருக்கீங்க."

திங்கட்கிழமை சாயங்காலம் தேசப்பன் போனை எடுத்துப் பெஞ்சின் நடுவில் வைத்தார், எல்லாரும் பார்க்கட்டும் என்று. ஆறே முக்கால் ஆயிற்று. ஆறு ஐம்பது ஆயிற்று. போன் அடிக்கவில்லை.

"பாத்தியா வேணு! ஒரே பட்டன்!"

வேணு பதில் சொல்வதற்குள் ஒரு போன் அடித்தது. வேணுவுடையது.

"வூட்ல தேடறாங்க," என்று எழுந்தார். அடுத்த ஐந்தாவது நிமிஷம் பஞ்சாட்சரத்துக்கு வந்தது. முடிவு சொல்லத் தேசப்பன் இருந்தார். கேட்கத்தான் ஆள் இல்லை. தங்கவேல் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தார். தூரத்தில் மலைக்கோயில் விளக்கு எரிய ஆரம்பித்திருந்தது.

செவ்வாய்க்கிழமையும் இப்படியே. வேணுவுக்கும் பஞ்சாட்சரத்துக்கும் தினமும் போன் வந்துகொண்டுதான் இருந்ததா? அவர்கள் வீட்டிலிருந்து போன் வருவதற்குள் இவர் வண்டி ஏறிப் போய்விடுவதால் இத்தனை நாள் தெரியாமல் இருந்திருக்கிறது.

புதன்கிழமை தங்கவேல் கேட்டார்:

"இன்னா தேசப்பா, வூட்ல சண்டையா? போனே வர்றதில்ல?"

"சண்டையா? சிக்னல் இல்ல போலிருக்குது. ஒரு மிஸ்டு கால் குடு பாப்போம்."

கொடுத்தார். கணீரென்று அடித்தது. தேசப்பனுக்கு அந்தச் சத்தம் பிடிக்கவே இல்லை.

எட்டு மணிக்கு வீட்டுக்குப் போனார். பங்காரு தெலுங்கு சீரியல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சத்தம்லாம் ஒழுங்கா வருதா?"

"ஜம்முனு வருது."

"நடுவுல ஏதாச்சும் நின்னுச்சா?"

"ஒரு நாளும் நிக்கல."

அவ்வளவுதான் பேச்சு. முன்பெல்லாம் சத்தத்தை வரவைத்துவிட்டு அப்படியே கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்காருவார். அவள் கதை சொல்வாள். அந்த மாமியாரை இவர் திட்டுவார். மருமகளுக்கும் ரெண்டு விழும். இப்போது திரையில் யாரோ யாரையோ பிடித்து அழுதார்கள். மூன்று நாள் கதை போய்விட்டிருந்தது. அந்த மாமியாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்க வாய் வரை வந்தது, கௌரவம் தடுத்தது. இல்லாத பசிக்குச் சாப்பிட்டுப் படுத்தார். உண்மையைச் சொல்வதென்றால், மனுஷன் ஏங்கிப் போயிருந்தார்.

வியாழக்கிழமை வயலிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டுக் கடைக்குக் கிளம்பும்போது, பங்காரு கொல்லையில் துணி எடுக்கிற சமயம் பார்த்து, டிவிக்குப் பின்னால் கையை விட்டார். ஏ.ஆர்.சி. ஓட்டையிலிருந்து வயரைப் பிடுங்கிப் பக்கத்து ஓட்டையில் செருகினார். இனி படம் வரும், சத்தம் வராது. திருடன் மாதிரி வண்டியைத் தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போய்ப் பிறகு உதைத்தார்.

ஆறே முக்கால். போன் அடிக்கவில்லை.

ஆறு நாற்பத்தெட்டு. எடுத்துத் துடைத்துப் பார்த்தார்.

"தேசப்பா, இந்த வருஷம் கரும்பு போடலாமா, வேணாமா? நீ சொல்லு," என்றார் பஞ்சாட்சரம்.

ஆறு மாதமாகக் காத்திருந்த கேள்வி. தேசப்பன் எழுந்து நின்றார்.

"உன் இஷ்டம்யா. வூட்ல டிவி சத்தம் வராது, பாவம், தனியா கீறா."

"போன் வரவே இல்லியே!"

அதற்குள் வண்டி ரோட்டில் ஏறிவிட்டது.

தெருவில் திரும்பும்போதே கேட்டது. சீரியல் மாமியார் ஐந்து ஸ்பீக்கரிலும் கர்ஜித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு நிர்மலா கேட் அருகில் நின்று, இவரைப் பார்த்து, கையிலிருந்த போனில் மணியைப் பார்த்து, சிரித்தபடி உள்ளே போனாள்.

"யாரு வந்து சரி பண்ணது?" என்று செருப்போடு உள்ளே நுழைந்தார் தேசப்பன்.

"எதை பாவா?"

"வயரு... அது... மாறியிருந்திருக்குமே!"

"ஆங், மாறித்தான் இருந்துது. எடுத்து சொருவினேன்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"ஹோம் தியேட்டரு வந்த மொத வாரமே மோனிஷா வீடியோ கால்ல எல்லாம் சொல்லிக் குடுத்துட்டா."

தேசப்பன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அப்ப ஆறு மாசமா தினம் என்னை ஏன் கூப்பிட்ட?"

பங்காரு சத்தத்தைக் குறைத்தாள். சிவப்புப் பொட்டு பக்கமே பார்க்காமல் குறைத்தாள்.

"சத்தம் வரலன்னாதான் நீங்க வர்றீங்க. மோனிஷா போனதுல இருந்து வெளக்கு வெக்கிற நேரத்துல இந்த வூடு கம்முனு கெடக்குது பாவா. அஞ்சு பொட்டி கத்தினாலும், பதிலுக்குப் பேச ஒரு ஆள் வேணும்ல?"

மூன்று நாள் டீக்கடையில் தேசப்பனுக்கும் அதேதானே நடந்தது.

"சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா பெஞ்சை வுட்டு வருவீங்களா?"

"அப்புறம் திங்கக்கெழமையிலிருந்து ஏன் நிறுத்திட்ட?"

"மூணு ரிமோட் இருந்தப்ப பொய் சொல்ல வசதியா இருந்துது. ஒரே பட்டன்ல இன்னா பொய் சொல்றது? அதுவுமில்லாம, ரெண்டு நாள் தரையில படுத்துக்கினு செஞ்சீங்க. அதைக் கெடுக்க மனசு வரல."

"சரி, இன்னிக்கு நெசமாவே சத்தம் வரல. இன்னிக்குக் கூப்பிட்டிருக்கலாம்ல?"

பங்காரு நகர்ந்து அவருக்கு இடம் விட்டாள்.

"வயர புடுங்கிட்டுப் போன மனுசனை எதுக்குக் கூப்பிடணும்? நிர்மலா ஏழரைக்கு வருவாருன்னு பந்தயம் கட்டினா. நான் ஏழே காலுன்னேன். ஏழு அஞ்சுக்கே வந்து ரெண்டு பேரையும் தோக்கடிச்சிட்டீங்க."